உயிரோடு இருப்பவர் முகம்

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். போன கார்த்திகையில் நானும் அஞ்சலகத்துக்குப் போய் இயந்திரத்தில் விரலை வைத்தேன். வயதானால் ரேகை தேய்ந்துவிடும் போலிருக்கிறது. அது என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. கவுன்ட்டரில் இருந்த கவிதா என்ற பெண் ஈரத்துணியை நீட்டினாள். "துடைச்சிட்டு இன்னொரு தடவ வைங்க மேடம். நல்லா அழுத்தி வைங்க."

"எவ்வளவு அழுத்தணும்? உயிர் போற அளவுக்கா?" என்றேன். என் வாய் அப்படி. அந்த வாயால்தான் பாதி வேலைக்காலம் கெட்டது.

எனக்குப் பின்னால் ஓர் இளம் தம்பதி நின்றிருந்தார்கள். குழந்தைக்கு முதல் பிறந்தநாளாம். அதன் படத்தை அஞ்சல்தலையில் அச்சடித்து வாங்க வந்திருந்தார்கள். இப்போது அதெல்லாம் உண்டு. பணம் கட்டினால் யார் முகத்தை வேண்டுமானாலும் போட்டுத் தருகிறார்கள். பொக்கைவாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது அந்தக் குழந்தை, தாள் முழுக்க. அழகான குழந்தைதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை இயந்திரம் என்னை ஏற்றுக்கொண்டது. கவிதா அதோடு என்னை விடவில்லை. "மேடம், நீங்க பிலாட்டலி கவுன்ட்டர்ல ரொம்ப வருஷம் இருந்தீங்கன்னு சொல்றாங்க. நம்ம சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்களேன். இந்த ரெண்டு மூணு நாடு சேர்ந்து போடுற ஸ்டாம்பு இருக்குல்ல, அதப் பத்தி. ஜாலியா எழுதுங்க."

"ஜாலியா வேணும்னா வேற ஆளப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்து நாலு நாள் தூக்கம் இல்லை. அதனால் எழுதுகிறேன். ஜாலியாக இருக்காது.

தரங்கம்பாடிப் பக்கம் எங்கள் குடும்பம். லுத்தரன் கிறிஸ்தவர்கள். அப்பா மீன் ஏலத்தில் கணக்கு எழுதினார். நான் பரீட்சை எழுதி, தபால் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, பயிற்சி முடித்து, கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி என்று ஊர் ஊராகப் பந்தாடப்பட்டேன். கடைசியாக டெல்டாவில் ஒரு தலைமை அஞ்சலகத்துக்கு வந்தேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. அங்கே முதல் வாரமே மேலதிகாரி ஒருவரை எதிர்த்துப் பேசினேன். அதற்குத் தண்டனையாகத்தான் அஞ்சல்தலை சேகரிப்பவர்களுக்கான பிலாட்டலி கவுன்ட்டரில் உட்காரவைத்தார்கள். கூட்டம் வராத மூலை, மின்விசிறி இல்லாத மூலை. தண்டனை எனக்குப் பிடித்துப்போனது அவர்களுக்குத் தெரியாது.

கூட்டு வெளியீடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டு நாடுகள், சில சமயம் நான்கைந்து நாடுகள்கூட, ஒரே பொருளில், ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே மாதிரிப் படங்களோடு அஞ்சல்தலை வெளியிடுவார்கள். உறவு கொண்டாடுகிறோம் என்று உலகத்துக்குக் காட்டுகிற காரியம். கல்யாணத்தில் சம்பந்திகள் இருவரும் ஒரே நிறத்தில் பட்டு எடுப்பதுபோல. ஆனால் படம் ஒன்றானாலும் சட்டி வேறு, அடுப்பு வேறு. அவர்கள் அஞ்சல்தலை அவர்கள் நாட்டில்தான் செல்லும். நம்முடையது நம் நாட்டில்தான் செல்லும்.

இது பலருக்குப் புரியாது. நாகூரில் அத்தர் கடை வைத்திருந்த ஒருவர், வெளிநாட்டில் இருந்த மருமகன் ஆசையாக அனுப்பிய அந்த நாட்டு அஞ்சல்தலையை ஒட்டி மதுரைக்குக் கடிதம் போட்டுவிட்டார். தபால்தலை ஒட்டாத கடிதமாகக் கணக்காகி, வாங்கினவரிடம் அபராதம் வசூலித்துவிட்டார்கள். அத்தர்க்காரர் பஸ் ஏறி என்னிடம் சண்டைக்கு வந்தார்.

"ரெண்டு அரசாங்கமும் சேந்துதானேம்மா போட்டிருக்கு? அதே படம்தானே? எங்க மச்சான்ட்ட போய் அபராதம் வாங்கிட்டீங்களே, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு அவங்க வீட்டுக்குப் போறது?"

"படத்துலதான் சேந்திருக்காங்க பாய். பணத்துல சேரல" என்றேன். அவர் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். போகும்போது ஒரு சின்னக் குப்பி அத்தர் கொடுத்தார். கவுன்ட்டர் ஒரு வாரம் மணத்தது.

வேலை என்று பார்த்தால் நுணுக்கமானது. புதிய அஞ்சல்தலைகள் அரக்கு முத்திரையிட்ட கட்டுகளாக வரும். வந்ததும் இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். அந்தப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று கருவூலம் பார்ப்பவரிடம், இன்னொன்று போஸ்ட்மாஸ்டரிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. வெளியீட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் இருவரும் நிற்க, அரக்கை உடைத்து, தாள்களை எண்ணி, கையெழுத்துப் போட்டு, மறுபடி பூட்டுவோம். கூட்டு வெளியீடு என்றால் இன்னும் கெடுபிடி. இங்கே ஒன்று முன்கூட்டி வெளியே போய்விட்டால் அங்கே இன்னொரு நாட்டுக்காரனுக்கு அவமானம் என்பார்கள். வீட்டில்கூடப் படத்தைப் பற்றி மூச்சுவிட மாட்டோம்.

வெளியீட்டு நாளில் 'முதல் நாள் உறை'க்கு, அதாவது புது அஞ்சல்தலை ஒட்டி அன்றைய தேதி பதிக்கிற சிறப்பு உறைக்கு, முத்திரை குத்த வேண்டும். சாதாரணக் கடிதத்துக்குக் குத்துகிற மாதிரி ஓங்கிக் குத்தினால் சேகரிக்கிறவர்கள் அழுதுவிடுவார்கள். உறைக்கு அடியில் ரப்பர் விரிப்பு. மை தொட்டதும் முதல் இரண்டு மூன்று குத்து பழைய தாளில். பிறகு அஞ்சல்தலையின் ஒரு மூலையில் கால்வாசி மட்டும் படும்படி வைத்து, லேசாக உருட்டி எடுக்க வேண்டும். தேதி தெரிய வேண்டும், படம் கெடக் கூடாது. முகம் இருக்கிற படமென்றால் முகத்தின் மேல் மை படவே கூடாது. எனக்கு அது கைவந்திருந்தது. ஒரு கண் டாக்டர் தஞ்சாவூரிலிருந்து காரில் வந்து என் கையால்தான் குத்த வேண்டும் என்று வரிசையில் நிற்பார்.

எங்கள் போஸ்ட்மாஸ்டர் வைத்தியநாதன் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு கடித வரைவு கொண்டுபோனால் உட்காரச் சொல்லமாட்டார். பென்சிலைச் சீவி முடிக்கும்வரை நிற்கவைப்பார். பிறகு வரைவை வாய்விட்டு, ஒவ்வொரு வாக்கியமாகப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: "பாத்தீங்களா, கேட்டீங்களா?" நான் கண்ணால் பார்த்தது என்றால் வாக்கியம் இருக்கும். யாரோ சொன்னது என்றால் கடைசியில் 'என்று கூறினார்' என்று சேர்ப்பார். இரண்டும் இல்லையென்றால் அடித்துவிடுவார். 'மிகவும்', 'தாழ்மையுடன்', 'வருந்துகிறேன்' எல்லாம் பென்சிலுக்குப் பலி. "இது எதுக்கு ரூபி? தபால் ஆபீசுக்கு மனசு கெடையாது" என்பார். அவரைக் கண்டால் எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், மரியாதையாகவும் இருக்கும். எரிச்சல் ஒரு படி கூடுதல்.

அவர் காலத்தில்தான் நெல் அஞ்சல்தலை வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் நெல் விளைகிற ஒரு நாடும் நாமும் சேர்ந்து வெளியிடுவதாக முடிவாகியிருந்தது. நாட்டின் பெயர் வேண்டாம். நம் டெல்டாப் பிள்ளைகள் கட்டட வேலைக்கு விமானம் ஏறிப் போகிற நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அஞ்சல்தலைகள்: ஒன்றில் நம் ஊர் நடவு, இன்னொன்றில் அவர்கள் ஊர் அறுவடை. இரண்டையும் இரண்டு நாடுகளும் அச்சடிக்கும். நடவுப் படத்துக்கு மாதிரி வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு புகைப்படக்காரரை அனுப்பினார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போகும் வேலை என் தலையில் விழுந்தது.

சம்பா நடவு நேரம். வெட்டாற்றுக் கரையோரம் ஒரு வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். புகைப்படக்காரர் பேன்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி, ஒரு கால் புதைந்து, எடுக்கத் தெரியாமல் நின்றார். பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வரிசையின் நடுவே இருந்த ஒரு பெண் மட்டும் நிமிர்ந்து, கையில் நாற்று முடிக் கட்டோடு, மணிக்கட்டால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவரையே நேராகப் பார்த்தாள். "தம்பி, கால இழுக்காத, திருப்பு. திருப்பி எடு" என்றாள். அந்த நொடியில் அவர் புதைந்த காலோடேயே படம் எடுத்துவிட்டார்.

"எதுக்கும்மா போட்டோ? ரேஷன் கார்டுக்கா?" என்று அவள் என்னைக் கேட்டாள். "இல்ல, சும்மா, கவர்மென்ட்டுக்கு" என்றேன். எந்தப் படம் தேறும் என்று எனக்கே தெரியாதே.

சில மாதம் கழித்து மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தப் படம்தான் தேர்வாகியிருந்தது. ஓவியர் அதைப் பார்த்து வரைந்த மாதிரியும் இணைத்திருந்தார்கள். எத்தனையோ மாதிரிகள் பார்த்திருக்கிறேன், இது போல் ஒன்று பார்த்ததில்லை. நாற்றும் சேறும் பின்னால் போய்விட்டன. அந்த முகம் மட்டும் நம்மைப் பார்த்து ஏதோ கேட்க வருகிற மாதிரி இருந்தது. கடிதத்தில் ஒரு கேள்வி: படத்தில் இருக்கும் பெண் யார், அவர் உயிருடன் இருக்கிறாரா?

காரணம் சொல்கிறேன். பெரிய பெரிய மனிதர்களுக்கே செத்த பிறகுதான் அஞ்சல்தலை என்பது அப்போதைய பொது வழக்கம். உயிரோடு இருக்கிறவர் முகம் வருவது அபூர்வம். அதை மேலே இருப்பவர்கள்தான் முடிவு செய்வார்கள். கூட்டு வெளியீடு என்றால் இரண்டு நாடும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னார் என்று அடையாளம் தெரிகிற ஆள் உயிரோடு இருந்தால் முகத்தை மாற்றிவிடுவார்கள். இந்தக் கேள்வியை எந்தப் பக்கம் கிளப்பியது என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

வைத்தியநாதன் சார் கடிதத்தைப் படித்துவிட்டு, "நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து எழுதுங்க" என்றார். போனேன்.

அவள் பெயர் அஞ்சலை. புருஷன் இல்லை. தேன்மொழி என்று ஒரு மகள், கூடவே வயல் வேலைக்குப் போகிறவள். வாய்க்கால் ஓரத்தில் துணி அலசிக்கொண்டிருந்த அஞ்சலையிடம் விஷயத்தைச் சொன்னேன். ஸ்டாம்பில் உங்கள் படம் வரலாம், நம் நாட்டில் மட்டுமல்ல, அந்த நாட்டிலும் என்றேன். நாட்டின் பெயரைச் சொன்னதும் அவள் கையிலிருந்த துணி தண்ணீரோடு போய்விட்டது. தேன்மொழி இறங்கி ஓடிப் பிடித்தாள்.

"அங்கயுமா? அங்கயும் இதே மூஞ்சியா? கடையில விப்பாங்களா, கடுதாசில ஒட்டுவாங்களா?"

"ஆமா. ஒரே நாள்ல ரெண்டு நாட்டுலயும்."

அவள் கரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு மகன், செல்வம். ஏஜென்ட் மூலம் அந்த நாட்டுக்குத்தான் போயிருந்தான். முதலில் மளிகைக் கடை போனுக்குக் கூப்பிட்டுப் பேசுவானாம். பிறகு கம்பெனி மாறிவிட்டான் என்றார்கள். பிறகு போன் இல்லை, பணம் இல்லை, ஆள் எங்கே என்று சொல்ல யாரும் இல்லை. ஏஜென்ட் கடையையே காலி செய்துவிட்டுப் போய்விட்டான். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்ததுதான் மிச்சம்.

"அவன் கோவக்காரன்மா. போறப்ப என்கிட்ட சண்ட போட்டுட்டுத்தான் போனான். இருந்த காக்குழி நெலத்த வித்துக் குடுக்கலன்னு கோவம். என் மூஞ்சியப் பாத்தா போதும். எங்கயாச்சும் ஒரு கடுதாசில பாத்தான்னா போதும். நம்ம அம்மா தேடுதுன்னு நெனச்சி வந்துருவான்."

எனக்கு மறைத்துப் பேசத் தெரியாது. கேள்வி என்னவென்று சொன்னேன். உயிரோடு இருப்பதாக எழுதினால் அநேகமாக முகத்தை எடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

அஞ்சலை கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அப்ப செத்துட்டேன்னு எழுதுங்க."

"வாயக் கழுவும்மா!" என்று தேன்மொழி கத்தினாள். "பொழுது சாயுற நேரத்துல என்ன பேச்சு பேசுற?"

"நீ சும்மா இருடி. செத்துட்டேன்னு எழுதினா செத்தா போயிருவேன்? எழுதுங்கம்மா. போன நடவுல பாம்பு கடிச்சிச் செத்துட்டேன்னு எழுதுங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. யாரும் வந்து பார்க்கப் போவதில்லைதான். ஆனால் எழுதுகிற கை என் கையல்லவா? போஸ்ட்மாஸ்டரிடம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். மறுநாள் அலுவலகம் திறக்கும்போதே வாசலில் அவள் நின்றாள். பஸ்ஸில் வந்திருக்கிறாள். தலையில் எண்ணெய் தடவி, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

வைத்தியநாதன் சார் நாற்காலியைக் காட்டினார். எங்களை ஒருநாளும் உட்காரச் சொல்லாதவர்! அவள் உட்காரவில்லை.

"ஐயா, ஒரு வார்த்த. நான் செத்துட்டேன்னு ஒரு வார்த்த எழுதுங்க. அதனால யாருக்கு என்ன நட்டம்?"

"பாத்துட்டேனேம்மா" என்றார் அவர். "எதுத்தாப்புலயே நிக்கிறீங்க."

"பாக்கலன்னு நெனச்சிக்கிடுங்க."

"சரி, எழுதுறேன்னே வச்சுக்குங்க. மாசாமாசம் உங்களுக்கு விதவைப் பணம் எங்க போஸ்ட்மேன்தான் கொண்டாந்து குடுக்கறாரு. ஒரு கையால செத்துட்டாங்கன்னு எழுதிட்டு இன்னொரு கையால பணம் குடுக்க முடியுமா? அது நின்னுபோகும். அப்பறம் நீங்க உயிரோட இருக்கேன்னு நிரூபிக்க எந்த ஆபீஸ் ஆபீஸா அலைவீங்க?"

"நிக்கட்டும்."

"சாப்பாட்டுக்கு?"

"நாத்து நட கை இருக்கு. நிக்கட்டும்யா. அவன் ஒரு தடவ பாத்தா போதும்." அவள் கும்பிட்டாள். கும்பிட்ட கைகள் கீழே இறங்கவே இல்லை. "பெத்தவ கேக்குறேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்கள செத்துட்டதா என் கையால எழுத மாட்டேன்மா. அது மட்டும் என்னால ஆகாது. வேற என்ன எழுதலாம்னு பாக்கறேன்."

அன்று அவரே வரைவு எழுதினார். என்னை எதிரே உட்காரவைத்து வாய்விட்டுப் படித்தார். படத்தில் இருப்பவர் பெயர் அஞ்சலை. உயிருடன் இருக்கிறார்; நான் நேரில் பார்த்தேன். தன் முகம் அச்சாவதற்கு முழுச் சம்மதம் தருகிறார், கைரேகை இணைக்கப்பட்டுள்ளது. அவருடைய மகன் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போய்த் தொடர்பற்றுப் போய்விட்டார் என்று கூறினார். இந்த முகத்தைப் பார்த்தால் மகன் திரும்பி வருவார் என்று நம்புகிறார். எனவே முகத்தை மாற்றாமல் வெளியிட மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

'மிகவும்' என்ற இடத்தில் நான் அவரைப் பார்த்தேன். பென்சில் அதன் மேல் ஒரு நிமிஷம் நின்றது. அடிக்கவில்லை. "டைப் பண்ணிடுங்க" என்றார்.

அந்தக் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. நினைவூட்டல் எழுதினோம், அதற்கும் இல்லை. பதில் இல்லாததை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். ஆட்சேபம் என்றால் உடனே எழுதியிருப்பார்களே! அஞ்சலை சந்தைக்கு வரும்போதெல்லாம் கவுன்ட்டருக்கு வந்து எட்டிப் பார்ப்பாள். "வந்துருச்சாம்மா?" "இன்னும் இல்ல." கீரைக்கட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போவாள். வேண்டாம் என்று திட்டினால், "உங்களுக்கு இல்ல, ஐயாவுக்கு" என்பாள். ஒருநாள் வந்து, அவன் பார்க்கும்போது வயசாகித் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, போட்டோ எடுத்தபோது இருந்த மாதிரியே இருக்கும் என்றேன். அதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கட்டுகள் வந்தன. வெளியீட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் இரண்டு சாவியும் போட்டுத் திறந்தோம். கருவூலம் பார்ப்பவர் அரக்கை உடைத்தார். நான்தான் முதல் தாளை எடுத்தேன்.

முகம் இல்லை.

பெண் இருந்தாள். அதே சேலை நிறம், அதே நாற்று முடி. ஆனால் குனிந்திருந்தாள். தலைத்துண்டு முன்னால் வழிந்து முகத்தை மூடியிருந்தது. இன்னொரு அஞ்சல்தலையில் அந்த நாட்டுப் பெண் அறுத்துக்கொண்டிருந்தாள். பெரிய ஓலைத் தொப்பி, அதன் நிழலில் அவளுக்கும் முகம் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஜோடிப் பொருத்தம் பிரமாதம். எனக்கு அதைக் கிழித்துப் போட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஒரு பதில், ஒரே ஒரு வரிப் பதில் எழுதியிருக்கக் கூடாதா?

சார் தாளை வாங்கிப் பார்த்தார். "அச்சு நல்லா இருக்கு" என்றார். தாள்களை எண்ணிக் கையெழுத்துப் போட்டார். பெட்டியைப் பூட்டியதும் அவர் அறைக்குள் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்று, "இன்னிக்கே போய் அவங்ககிட்ட சொல்லிடட்டுமா சார்?" என்று கேட்டேன். "வெளியாகாத ஸ்டாம்ப்பப் பத்தி வெளியில சொல்லக் கூடாது ரூபி" என்றார். சட்டம் அதுதான்.

மறுநாள் சின்ன விழா. குத்துவிளக்கு, மாலை, வேளாண்மை அதிகாரி ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள். இரு நாட்டு நட்பு பற்றிப் பேசினார்கள். நான் கவுன்ட்டரில் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில் அஞ்சலையும் தேன்மொழியும் நின்றார்கள். தேன்மொழி தலையில் மல்லிகை வைத்திருந்தாள். எப்போதும் வெற்று நெற்றியோடு வருகிற அஞ்சலை, அன்றைக்கு விபூதி பூசியிருந்தாள். ஒவ்வொருவராக நகர நகர என் கண் வரிசையின் கடைசிக்கே போனது. கண் டாக்டருடைய உறையில் மை இழுகிவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

அவள் முறை வந்தது. ஓர் அஞ்சல்தலையைக் கிழித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இது யாரு?"

"நீங்கதான்."

"நானா?" மறுபடி பார்த்தாள். "மூஞ்சி எங்கம்மா?"

"எடுத்துட்டாங்க" என்றேன்.

தேன்மொழி வாங்கிப் பார்த்தாள். "கை நம்ம கை மாதிரிதாம்மா இருக்கு" என்றாள், பாவம், அம்மாவைத் தேற்ற.

"குனிஞ்சா எல்லாப் பொம்பளையும் ஒண்ணுதான்டி. இதுல எது அம்மான்னு அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?" அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள், அந்தப் புகைப்படத்தில் பார்த்த அதே பார்வை. "உசுரோட இருக்கேன்னு எழுதினீங்கல்ல. அதான்."

உள்ளே அதிகாரிகளோடு நின்றிருந்த வைத்தியநாதன் சார் அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். மாலை இன்னும் கழுத்தில் இருந்தது. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கேட்டேன்மா. கெடைக்கல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"நீங்க என்னய்யா பண்ணுவீங்க" என்றாள் அவள். அஞ்சல்தலையை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "யாருக்காச்சும் வித்துருங்க." பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். அதற்குப் பிறகு அவள் கவுன்ட்டர் பக்கம் வரவில்லை. பணம் மட்டும் போஸ்ட்மேன் கொண்டுபோய்க் கொடுத்தார். எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "இருக்காங்க" என்பார்.

சார் ஓய்வுபெற்று மகன் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு நானே என் வரைவுகளை வாய்விட்டுப் படித்து அடித்துக்கொண்டேன். அப்போதும் வேறு கூட்டு வெளியீடுகள் வந்தன: பறவைகள், கோயில்கள், நடனங்கள். பறவைக்கு உயிர் இருக்கிறதா என்று யாரும் கேட்டு எழுதவில்லை. குத்தினேன், விற்றேன்.

இன்னொரு சம்பா நடவு நேரத்தில், மணியார்டர் கவுன்ட்டருக்கும் நானே ஆள் என்றிருந்த ஒரு நாளில், தேன்மொழி வந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை, இளைத்திருந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தேறாமல் போய்விட்டதாம். காரியம் எல்லாம் முடிந்துவிட்டது. விதவைப் பணத்தை நிறுத்த எழுதிக் கொடுக்க வந்திருந்தாள். நான் எழுதிக் கொடுத்தேன். பெயர் அஞ்சலை, காலமாகிவிட்டார். அந்த வார்த்தையை எழுதும்போது பேனா ஓடவில்லை. அஞ்சலை கேட்டபோது சார் எழுத மாட்டேன் என்ற அதே வார்த்தை.

தேன்மொழி கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் போகாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், இப்ப போடுவாங்களா?"

"எத?"

"அம்மா மூஞ்சிய. இப்பதான் அம்மா இல்லியே. அந்தப் படம் உங்க ஆபீஸ்ல இருக்கும்ல? எழுதிக் கேட்டா போடுவாங்கள்ல?"

எத்தனையோ பேருக்குப் பட்டென்று பதில் சொன்ன வாய் இது. அன்றைக்கும் அதற்கு மறைத்துப் பேசத் தெரியவில்லை. சொன்னேன்: "போட மாட்டாங்கம்மா. ஒரு தடவ வந்தது வந்ததுதான். ரெண்டு நாடு சேர்ந்து போட்டது. முடிஞ்சு போச்சு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கேட்டதற்காக வெட்கப்பட்டவள் மாதிரி முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப அம்மா செத்தது அண்ணனுக்கு எப்டி மேடம் தெரியும்?"

வரிசையில் பின்னால் நின்றவர் மணியார்டர் பாரத்தை அவள் தோளுக்கு மேலாக நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.